சின்னக்காவின் பேச்சைக் கேட்க ஓர் ஆள்

கடை மூடும் நேரத்தில் தரையில் கிடக்கும் முடியை அள்ளுவது இப்போதெல்லாம் சின்னக்காவின் வேலை. விளக்குமாறு அதற்கு லாயக்குப்படாது. பாதி முடி அதிலேயே சிக்கிக்கொண்டு கூடக்கூட ஊர்வலம் வரும். ஈரத்துணியை நீளவாக்கில் மடித்து, வாசலிலிருந்து உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே வரவேண்டும். பெரியக்கா இதைச் செய்துகொண்டிருந்தவரை, அந்தத் தரை இவ்வளவு நீளம் என்று சின்னக்காவுக்குத் தெரியாது. பெரியக்காவின் முன் நாற்காலியைச் சுற்றி அள்ளுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஆனாலும் அங்கேயும் துணியை ஒரு சுற்று விட்டுவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள்.

பெண்களுக்கான அழகு நிலையம் அது. பலகையில் ஏதோ பூவின் பெயர் இருக்கும். அதைச் சொல்லி யாரும் வந்ததில்லை. அக்காவும் தங்கையும் நடத்துவதால் தெருவுக்கு அது அக்காமார் கடை. முன் நாற்காலி பெரியக்காவுக்கு, உள் நாற்காலி சின்னக்காவுக்கு என்று இருபது வருஷத்துக்கும் மேலாக ஓடியது. பிறகு, ஐம்பதைத் தாண்டிய வயதில், கல்யாணப் பேச்சையே எடுக்க விடாதிருந்த பெரியக்கா, பல் செட் செய்து கொடுக்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள ஊருக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை தங்கமான மனுஷன். அவர் சிரித்தால் எதிரில் இருப்பவர்கள் தங்களையறியாமல் பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் இல்லை. மணப்பெண் அலங்காரம் முழுக்கச் சின்னக்காதான் செய்தாள். அன்றைக்கு அவளைப் போலச் சிரித்தவர்கள் யாரும் இல்லை.

அதற்கடுத்த மாதம் கை நடுங்க ஆரம்பித்தது. கத்திரியை எடுத்தால் மட்டும். வருஷக்கணக்காக வந்துபோகும் டீச்சர் ஒருத்தியின் காது நுனியில் கத்திரி பட்டு ரத்தம் வந்துவிட்டது. டீச்சர் பெரிய மனசு பண்ணி, இன்னொரு காது இருக்கிறது, பாதகமில்லை என்று சொன்னாள். சின்னக்காவுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து தலை கழுவுவது, சாயம் போடுவது என்று மட்டும் வைத்துக்கொண்டாள். முடி வெட்ட வந்தவர்களிடம் கத்திரி சாணைக்குப் போயிருக்கிறது என்றாள். எத்தனை நாள்தான் ஒரு கத்திரி சாணைக்குப் போகும்? இப்படியே போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது.

டாக்டர் ரத்தம், நரம்பு எல்லாம் பார்த்தார். கையில் ஒரு கோளாறும் இல்லை, மனசில் ஏதாவது கிடக்கும், ஒரு கவுன்சலரிடம் பேசிப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றால் வீட்டில் நான் எதற்கு இருக்கிறேன் என்று அவருக்குக் கொஞ்சம் ரோஷம்.

“நீங்க நான் கேக்க வாயைத் தொறக்குறதுக்குள்ள பதிலைச் சொல்லிடுவீங்க,” என்றாள் சின்னக்கா.

“சரி, விடு. ஆள் பாத்துத் தரேன்,” என்று அவர் அந்தக் கணமே பதில் சொன்னார்.

ஆள் பார்ப்பதில் அவருக்கென்று ஒரு அளவுகோல் இருந்தது. ஊரில் எந்த மாடியில் எந்த அலுவலகம் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். லிஃப்ட்டை ஒழுங்காக வைத்திருக்கும் கட்டடத்தில் ஒழுங்கான ஆட்கள்தான் இருப்பார்கள் என்பது அவர் கட்சி. ஆறாவது மாடியில் ஒரு கவுன்சலர் இருக்கிறார், அங்கே லிஃப்ட் நிற்கும்போது வயிற்றைப் பிரட்டவே செய்யாது என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

லிஃப்ட் நன்றாகத்தான் இருந்தது. கவுன்சலரும் மெதுவாக, மரியாதையாகப் பேசினார். ஆனால் அவர் வைத்திருந்தது சொந்த முடி இல்லை. விலை உயர்ந்த விக்தான்; இடது ஓரத்தில் மட்டும் பசை விட்டிருந்தது. மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஓரம் லேசாக எழுந்து சின்னக்காவுக்கு வணக்கம் வைத்தது. தூக்கம் எப்படி, பசி எப்படி என்று அவர் கேட்டவற்றுக்கெல்லாம் அவள் அவர் நெற்றிக்கு மேலே பார்த்தே பதில் சொன்னாள். கடைசியில் அவர், நீங்கள் யார் கண்ணையும் நேராகப் பார்ப்பதில்லை, அங்கிருந்து நாம் தொடங்கலாம் என்றார். அடுத்த முறை போனபோது அவளால் பொறுக்க முடியவில்லை. என்ன பசை போடுகிறீர்கள் என்று கேட்டேவிட்டாள். பாவம், மனுஷன் முதலில் வெளிறிப்போய், பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். வெயிலில் அரிக்கிறது, மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது என்று ஆரம்பித்தவர், மீதி நேரம் முழுவதும் அதையேதான் பேசினார். சின்னக்கா நல்ல பசை எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தாள்.

“எப்படி இருந்துச்சு?” என்று கணவர் கேட்டார்.

“அவருக்கு நல்லா இருந்துச்சு.”

இரண்டாவது கவுன்சலர் ஒரு மூன்றாம் மாடி அம்மாள். தொட்டால் கதவு திறக்கும் லிஃப்ட். அம்மாளுக்கு அடர்த்தியான முடிதான், ஆனால் யாரோ கணக்குத் தெரியாமல் வெட்டிவிட்ட முன்முடி கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது. அம்மாள் அதை ஒதுக்குவதும், அது திரும்பி வருவதுமாக இருந்ததில் சின்னக்காவுக்குத் தான் எதற்கு வந்தோம் என்பதே பாதி மறந்துபோனது. போதாததற்கு, அம்மாள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தபோது சின்னக்கா பழக்கதோஷத்தில் “ம்” என்றாள்.

அந்த “ம்” சாதாரணப்பட்டதல்ல. கடையில் தலையைக் குனிய வைத்து, பின்கழுத்தருகே நின்று அவள் “ம்” என்றால், புருஷனிடம் சொல்லாததைப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். அம்மாளும் மனுஷிதானே. மகன் எட்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதில் ஆரம்பித்தாள். அவள் குரல் உடைந்தபோது சின்னக்கா பையிலிருந்து சின்னக் கத்திரியையும் சீப்பையும் எடுத்து, கொஞ்சம் கண்ணை மூடுங்கம்மா என்றாள். முன்முடி அளவாக நின்றது. அம்மாள் கண்ணாடி பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அடுத்த நாள் அந்த அம்மாளே போன் செய்தாள்.

“நேத்து நீங்க பேசவே இல்ல. நான்தான் பேசினேன். அது என் தப்பு, அதுக்கு மன்னிப்புக் கேக்குறேன். ஒண்ணு கவனிச்சீங்களா? என் கண்ணு பக்கத்துல கத்திரி வச்சீங்க. கை கொஞ்சம்கூட நடுங்கல.”

சின்னக்கா போனைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். உண்மைதான். நடுக்கம் கத்திரியில் இல்லை, கடையில் இருக்கிறது.

அம்மாள் தொழிலில் தனக்கு மூத்தவர் ஒருவரைச் சொன்னாள். உங்கள் “ம்” அவரிடம் பலிக்காது, போய்ப் பாருங்கள் என்றாள். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு தரைத்தள வீடு. லிஃப்ட்டே இல்லாத இடத்தில் என்னத்தைச் சரிபண்ணப் போகிறார்கள் என்று கணவர் முணுமுணுத்தார். ஆனாலும் அவரே வண்டியில் கொண்டுவிட்டு, சைக்கிள் கடைக்காரரோடு நின்று பேச்சுக் கொடுத்தார்.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் சின்னக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. முழு வழுக்கை. காதோரத்தில்கூட ஒன்றும் மிச்சமில்லை. புருவம் மட்டும் இருந்தது, அதுவும் யாரும் கைவைக்கத் தேவையில்லாத புருவம். சரிசெய்ய எதுவுமே இல்லாத ஒரு தலையை அவள் பார்த்து எத்தனை காலமாயிற்று. கண் சும்மா இருந்தது. கண் சும்மா இருந்ததும் கை மடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அவர் சொல்லுங்க என்றார். அவள் “ம்” என்றாள். அவரும் “ம்” என்றார். வெளியே சைக்கிள் டியூப்பிலிருந்து காற்றுப் போகும் சத்தம் கேட்டது. அவள் இன்னொரு முறை “ம்” என்றாள். அவர் அதைவிட நிதானமாக “ம்” என்றார். தொழில் தெரிந்த ஆள்தான் என்று சின்னக்காவுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள், எப்படியென்று தெரியாமல், அந்தச் சிரிப்பின் நடுவிலேயே சொல்லிவிட்டாள்.

“எங்கக்கா கல்யாணத்துல எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. எனக்கு அவ போறது பிடிக்கல. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”

அது அவ்வளவுதான் இல்லை. பிறகு அது ஒரு மணி நேரத்துக்கு வந்தது. உள் நாற்காலிக்குப் பின்னால் நின்று முடி வெட்டும்போது கண்ணாடியில் பெரியக்காவின் முதுகு தெரியும். அந்த முதுகைப் பார்த்துத்தான் இவள் கை போகும். இப்போது கண்ணாடியில் காலி நாற்காலி தெரிகிறது. வயதான காலத்தில் அவளுக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது, அதற்குப் போய் வயிறு எரிகிற நானெல்லாம் ஒரு மனுஷியா என்று தோன்றும்போது கத்திரி ஆடுகிறது.

“இது அவங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் அவர் கேட்டார்.

“தெரிஞ்சா மூட்டையைக் கட்டிட்டுத் திரும்பி வந்துருவா சார். அதான் பயமே.”

“வந்துருவாங்களா?”

அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே அவள் நினைத்ததில்லை. வெளியே வந்தபோது, கணவரும் சைக்கிள் கடைக்காரரும் செயின் இழுவை பற்றிப் பெரிய வாக்குவாதத்தில் இருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்த கணவர் வழக்கத்துக்கு மாறாக ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த வாரமும் வண்டியை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். அதற்கடுத்த வாரம் போகும்போது, சைக்கிள் கடைக்காரருக்குத் தருவதற்கு ஒரு டப்பா கிரீஸும் எடுத்துக்கொண்டார்.

மழை பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பெரியக்கா வந்து நின்றாள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. முடியைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அங்கே யாரையும் நம்பித் தலையைக் கொடுக்கவில்லையாம். நுனியெல்லாம் வெடித்து, ஒரு பக்கம் ஏறி இறங்கிக் கிடந்தது. அவள் வந்த வேகத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அதன் பின்னால் நின்றுதான் பழக்கம்.

“வெட்டி விடுடி. கத்திரி சாணையிலேருந்து வந்துருச்சா?”

தெருவில் எந்தப் பேச்சும் நிற்பதில்லை. எல்லாம் அவள் காதுக்குப் போயிருக்கிறது. சின்னக்கா துணியைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். முடியை நனைத்து, பாகம் பிரித்து, கத்திரியை எடுத்தாள். நுனி லேசாக ஆடியது.

“காது ரெண்டும் எனக்கு வேணும்,” என்றாள் பெரியக்கா கண்ணாடியைப் பார்த்தபடி.

சின்னக்கா கையைத் தாழ்த்தினாள். எதிரில் முகம் இல்லை, கண்ணாடியில்தான் இருந்தது. பின்கழுத்தருகே நின்று பேசுவது எவ்வளவு சுலபம் என்று இத்தனை காலமாக மற்றவர்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

“அக்கா, நீ கல்யாணம் பண்ணிட்டுப் போனது எனக்குப் பிடிக்கல. அவரைப் பிடிக்கலன்னு இல்ல. நீ போனது பிடிக்கல. அன்னைக்கு உனக்குப் பொட்டு வைக்கிறப்பகூடப் பிடிக்கல.”

பெரியக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று சின்னக்கா பதறிக் குனிந்து பார்த்தால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே காலையில் கதவைத் திறந்ததும் இன்னும் தரையில் முடியைத்தான் தேடுகிறாளாம். பல்லுக்காக வந்து உட்காருபவர்களின் தலையைத் திருப்பி, பின்பக்கம் பார்த்துவிடுகிறாளாம். ஆனாலும், அவர் ராத்திரி அவளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறார், அது நன்றாகத்தான் இருக்கிறது என்று மறைக்காமல் சொன்னாள்.

சின்னக்கா கேட்டுக்கொண்டே வெட்டினாள். ஈரமுடி சின்னச் சின்னப் பிறைகளாகத் தரையில் விழுந்தது. இரண்டு பக்கமும் இழுத்து அளவு பார்த்தாள். மயிரிழைகூட ஏற்ற இறக்கம் இல்லை.

பெரியக்கா கண்ணாடியில் அவள் கண்ணைத் தேடிப் பிடித்தாள்.

“ஏன்டி, அன்னைக்கே சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்னா நெனச்ச?”

சின்னக்கா சிரித்தாள். கழுத்துத் துணியை அவிழ்த்து உதறினாள். தலைக்கு ஊற்ற வெந்நீர் எடுத்துவர உள்ளே போனாள்.