எஞ்சினில் விட்ட இடம்

மேடவாக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் ஈயம் உருகும் வாசனை வந்ததும், எண்பதுகளின் தாம்பரம் வீட்டுச் சமையலறைக்குள் போய் நின்றேன். அம்மா இறந்தபின் அங்கே அடுப்பைவிட அப்பாவின் சால்டரிங் அயர்ன்தான் அதிகம் சூடானது.

பவுடர் டின்களை வெட்டி, ஊட்டி மலை ரயிலின் பல்சக்கர எஞ்சினைச் செய்துகொண்டிருந்தார். பார்த்துச் செய்ய இருந்தது ஒரே ஒரு போட்டோ. கல்யாணமான புதிதில் குன்னூர் ஸ்டேஷனில் அவரே எடுத்தது. எஞ்சினைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு அம்மா நிற்பாள்.

ஞாயிறுதோறும் போட்டோவை ஸ்கேலால் அளப்பார். என்னோடு பேசுவது குறைந்துபோயிருந்தது. எல்லாம் முடிந்தபோது, பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் தகரம் மட்டும் இருந்தது.

"அங்க ஏதாவது வெச்சு முடிச்சிடுங்களேன்ப்பா. யாருக்குத் தெரியப்போகுது?"

"அங்க உங்க அம்மா நிக்கிறா," என்றார்.

"ஆன் ஆயிடுச்சுக்கா, செக் பண்ணிக்கோங்க" என்று கடைக்காரப் பையன் போனை நீட்டினான். இதில் தேடினால் அந்த எஞ்சினின் ஒவ்வொரு ஆணியும் நொடியில் வந்துவிடும். அப்பாவும் போய்விட்டார்; எஞ்சின் என் அலமாரியில் இருக்கிறது. நான் தேடியதில்லை. அம்மாவை எப்படித் தள்ளி நிற்கச் சொல்வது?