அறிவிப்புப் பலகையில் என் பெயர்

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. கடத்தூர்ப் பக்கம் உள்ள ஒரு தையல் ஆலையில் அலுவலக வேலை பார்க்கிறேன். ஆள் சேர்ப்பது, வருகைப் பதிவு, விடுப்பு என்று எல்லாக் காகிதமும் என் மேஜைக்குத்தான் வரும். காகித வேலையில் என்னை யாரும் குறை சொல்லிவிட முடியாது என்று கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம். வேலைக்குச் சேரும் நாளில் படிவங்களோடு ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டுவோம். அடியில் கையெழுத்து மட்டும் போட வேண்டும். எதற்கு என்று யாராவது கேட்டால், "எல்லாரும் போடறதுதாம்மா" என்பேன். பின்னால் யாரையாவது அனுப்ப வேண்டி வந்தால், அந்தத் தாளில் ராஜினாமாக் கடிதம் ஏறிவிடும்.

அந்த வாரம் அனுப்பச் சொன்னது காலர் தைக்கும் பெண் ஒருத்தியை. இரண்டு வருடமாக வேலை செய்கிறாள். அவள் தைத்தது சரியில்லை என்று திரும்பி வந்ததாக எனக்கு நினைவே இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அவளுடைய ஊர்க்காரி. காலர் தைப்பவள் திருநங்கை என்று அந்த ஊர்க்காரி கம்பெனி வேனில் எல்லோர் காதிலும் போட்டுவிட்டாள். மறுநாளே நாலைந்து பேர் அவள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்றார்கள். ஒரு பெண்ணின் அப்பா பொம்மிடியிலிருந்து வந்து கேட்டில் நின்று சத்தம் போட்டார்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "பேக்டரி பேரு கெட்டுப்போயிடும்மா. நாம ஒண்ணும் தூக்கல, அதுவா எழுதிக் குடுத்துட்டுப் போன மாதிரி இருக்கட்டும். சனிக்கிழமைக்குள்ள முடிச்சுடு."

"அது" என்றுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் "சரிங்க சார்" என்றுதான் வாயில் வந்தது.

மறுநாள் காலை அவள் கையெழுத்துப் போட்ட தாளைத் தேடி எடுத்தேன். "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று நாலு வரி. கையெழுத்துக்கு மேலே அளவாக வர வேண்டுமே என்று இரண்டு முறை வேறு தாளில் அச்சடித்துப் பார்த்துவிட்டுத்தான் அதில் அடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அச்சு கச்சிதமாக விழுந்தபோது எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. கோப்பில் வைத்து மூடினேன்.

சாப்பாட்டு இடைவேளையில் அவளே என் மேஜை முன்னால் வந்து நின்றாள். கையில் மடித்த காகிதம். விஷயம் தெரிந்துவிட்டதோ என்று மேஜைமேல் இருந்த கோப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"மேடம், பக்கத்துல உக்கார மாட்டேன்னு ஒதுக்கறாங்க. புகார் குடுக்க வந்தேனுங்க."

"எங்கிட்ட எதுக்கும்மா? மேனேஜர்கிட்ட போ."

"போர்டுல உங்க பேருதானுங்க போட்டிருக்குது."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்களிடம் துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் முன்பு ஒருமுறை ஆய்வுக்கு வந்திருந்தார்கள். திருநர்களை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே, புகார் வாங்க யாரை நியமித்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "உம் பேரையே போட்டு ஒட்டிடு" என்றார் மேலாளர். ஒட்டினேன். வந்தவர்கள் போனார்கள், நானும் மறந்துபோனேன்.

அவள் மறக்கவில்லை. கைப்பேசியைத் திறந்து அந்த அறிவிப்பின் படத்தைக் காட்டினாள். "ஒட்டின அன்னிக்கே எடுத்து வெச்சுக்கிட்டனுங்க. மின்ன ரெண்டு எடத்துல தெரிஞ்ச ஒடனே போகச் சொல்லிட்டாங்க. இங்க கேக்கறதுக்கு ஒரு ஆளு இருக்காங்கன்னுதான் தைரியமா இருந்தனுங்க."

சொல்லிக்கொண்டே புகாரை மேஜையில் வைத்தாள். ராஜினாமா இருந்த அதே கோப்பின் மேல்.

"வந்த தேதி சீல் குத்தி ஒரு நகல் குடுங்க மேடம்" என்றாள். குத்திவிட்டால் புகார் பதிவாகிவிடும். முத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன், கை இறங்கவில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அரூரில் படிக்கிறார்கள். எனக்கு வேலை போனால் என்ன செய்வது? அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன்.

இரண்டு காகிதங்களையும் மேலாளரிடம் கொண்டுபோனேன். "ஏம்மா, நீயே டைப் பண்ணிட்டு, நீயே சீல் குத்திட்டு வந்து நிக்கறியே!" என்று கத்தினார்.

"சார், புகார் வந்தன்னிக்கே ராஜினாமாவும் வந்துச்சுன்னா, நாளைக்கு விசாரிக்கும்போது ரெண்டு பேருமே மாட்டிக்குவோம்" என்றேன். தைரியம் ஒன்றும் இல்லை, பயத்தில் வந்த பேச்சுதான் அது.

மேலாளர் முதலாளிக்குப் போன் போட்டார்; வக்கீலைக் கேட்டுச் சொல்வதாக அவர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் திக்கென்றது. "வூட்டுல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்றுகூட வேனில் கேட்டார்கள். அத்தனை நாளும் அவள் வேனில் தனியாகத்தான் உட்கார்ந்து வந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார எனக்கும் துணிச்சல் வரவில்லை.

திங்கட்கிழமை வக்கீல் சொன்ன பதில் வந்தது: கை வைக்க வேண்டாம். மேலாளர் அந்த ராஜினாமாவை என் முன்னாலேயே கிழித்துப் போட்டார். அவள் இன்றும் காலர் தைக்கிறாள். இரண்டு பெண்கள் அவளோடு சேர்ந்து உட்காருகிறார்கள், மற்றவர்கள் இன்னும் இல்லை. புதிதாக வருகிறவர்களிடம் நான் வெள்ளைத் தாளை நீட்டுவதில்லை. மேலாளர் இதுவரை கேட்கவில்லை, கேட்பார் என்ற பயம் தினமும் இருக்கிறது.

தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். "உங்களாலதாங்க மேடம் இந்த வேல நெலச்சுது" என்றாள். அந்த நாலு வரியை அடித்ததும் நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன், முடியவில்லை. பலகையைக் கடந்து போகும்போதெல்லாம், அங்கே இருக்கும் என் பெயரை என்னைவிட அவள்தான் அதிகம் நம்பியிருந்தாள் என்பது இன்றும் என்னைக் குத்துகிறது.