கை மட்டும் தெரிகிற அடுக்களை

முகத்தைக் காட்டாமல், வாயைத் திறக்காமல், காய் நறுக்குவதையும் பாத்திரம் விளக்குவதையும் வீடியோ எடுத்துப் போடுவது ஒரு தொழில் என்றால் எங்கள் அத்தா நம்பியிருக்க மாட்டார். எனக்கே பாதிதான் நம்பிக்கை. செல்போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு, அது விழுந்துவிடுமோ என்று ஒரு கண்ணும் அடுப்பில் ஒரு கண்ணுமாக நிற்கும் அக்கா தங்கைகளே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கலாம். நடந்திருந்தால், பயந்தது நீங்கள் மட்டும் இல்லை.

நான் இருப்பது திண்டுக்கல் பேகம்பூரில். ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பெயரைச் சொல்லவே கூச்சப்படுவேன். தையல் கடை வைத்திருக்கும் என் தங்கை மகள் நஸ்ரீன்தான், "முகம் வேணாம் பெரியம்மா, கை போதும்" என்று தொடங்கி வைத்தாள். நீலச் சுவர், இடது பக்கம் ஜன்னல், சொட்டும் குழாய், உப்பு வைக்கும் பச்சை டப்பா, என் கை. இவ்வளவுதான் வீடியோ. மத்தியானம் நஸ்ரீன் சாப்பிட வரும்போது வெட்டி ஒட்டிப் போட்டுவிடுவாள்.

எண்ணுகிற குரல்

முதல் புகார் சத்தத்தைப் பற்றி வந்தது. அவரைக்காய் நறுக்கிய வீடியோவின் கீழே, "பின்னாடி யாரோ முனகுறாங்க" என்று ஒருவர் எழுத, ஆமாம் ஆமாம் என்று பலர் சேர்ந்துகொண்டார்கள். நான் எடுக்கும்போது கதவைச் சாத்திவிடுவேன். உள்ளே என்னைத் தவிர யாரும் கிடையாது. நஸ்ரீனும் நானும் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டோம். கத்தி பலகையில் படும் ஒவ்வொரு தடவையும் ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று போய்க்கொண்டே இருந்தது. நஸ்ரீன் மெதுவாக என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, இது உங்க குரலு" என்றாள்.

எண்ணி நறுக்குவது சின்ன வயதுப் பழக்கம். துண்டுகள் ஒரே அளவில் வராவிட்டால் எனக்கு மனசு ஒப்பாது. ஆனால் மனசுக்குள்தான் எண்ணுகிறேன் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் குரலை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டாள். மறுநாளே முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "எண்ணுறவங்க எங்கம்மா போனாங்க? அவங்க எண்ணுனாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

எதிர்ப்பக்கத்து டீ

ஒற்றை டம்ளர் வீடியோவில் பார்க்கப் பாவமாக இருக்கும். அதனால் எப்போதும் இரண்டு டம்ளரில் டீ ஊற்றுவேன். ஒன்று என் பக்கம், ஒன்று போன் இருக்கும் பக்கம். எதிரே யாரும் இல்லை. ஆனால் வீடியோவில் அந்த டீ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்று சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். யார் குடிக்கிறது, யார் குடிக்கிறது என்று ஒரே கேள்வி.

விஷயம் ஒன்றுமில்லை. நடுவில் போனை நிறுத்திக் கதவைத் திறக்கும்போதெல்லாம், சாப்பிட வந்திருக்கும் நஸ்ரீன் உள்ளே வந்து ஒரு வாய் குடித்துவிடுவாள். அதை எழுதிப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தோம். அதற்குள், அகரத்திலிருந்து செல்வி என்ற பெண் பதில் போட்டிருந்தாள்: "எதிர்ல இருக்கிறது எங்க அத்தைதாம்மா. நீங்க டம்ளரை வைக்கிறப்ப இங்க அவங்க கையை நீட்டுறாங்க."

பச்சை டப்பா

பச்சை டப்பா கீறல் விட்டுவிட்டது. எறிந்துவிடாமல் பரணில் போட்டுவிட்டு, சில்வர் டப்பா ஒன்று வாங்கி வைத்து வீடியோ எடுத்தேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. மறுநாள் மத்தியானம் செல்வியிடமிருந்து செய்தி. "பச்சை டப்பா எங்கம்மா? அத்தை நேத்துலருந்து சாப்பிடலை."

நஸ்ரீன் உடனே அவளுக்குப் போன் போட்டாள். மாமியாருக்கு ஞாபகம் எல்லாம் போய்விட்டதாம். மகன் கையாலும் வாங்குவதில்லை, மருமகள் கையாலும் வாங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித்தான் வைத்திருந்தார்கள். ஒரு நாள் போனில் என் வீடியோ தானாக ஓட, கிழவி வாயைத் திறந்திருக்கிறார். அன்றிலிருந்து தட்டுக்கு முன்னால் போன். நான் கரண்டியை வைத்தால் அங்கே ஒரு வாய் இறங்கும். பழைய வீடியோவைப் போட்டு ஏமாற்ற முடியாதாம். "இது நேத்து வேலை" என்று சொல்லிவிடுவாராம். யார் கை என்று நினைத்திருக்கிறார் என்று கேட்டேன். கேட்டால் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவாரோ என்று பயந்து செல்வி கேட்டதே இல்லையாம்.

பச்சை டப்பாவைப் பரணிலிருந்து இறக்கினேன். கீறலில் டேப்பை ஒட்டி, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்து எடுத்துப் போட்டேன். சாயங்காலம் செல்வி சொன்னாள்: "சாப்டாங்கம்மா. ஆனா டப்பாவை ஏன் திருப்பி வச்சிருக்கான்னு கோவமா இருக்காங்க."

கட்டுப் போட்ட கை

அப்புறம் எண்ணெய் தெறித்து என் வலது கை வெந்துபோனது. தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டுவிட்டார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த நஸ்ரீன், என் வளையலைத் தன் கையில் போட்டுக்கொண்டு, அதே இடத்தில் நின்று, அதே மாதிரி வெண்டைக்காய் நறுக்கினாள். எண்ணக்கூடச் செய்தாள். எங்கள் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை. பார்த்தவர்களும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

செல்வி மட்டும் போன் செய்தாள். கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை, மூக்கு வழியாக டியூப் போட வேண்டியிருக்கும் என்கிறார்கள், கட்டைப் பிரித்ததும் நேரில் ஒரு தடவை வர முடியுமா என்று அழுதாள். நஸ்ரீனின் கையைப் பார்த்துவிட்டு மாமியார் போனைத் தூக்கி எறிந்தாராம். "'இவ யாரு? அவளை என்ன செஞ்சீங்க?'ன்னு என்னையக் கேக்குறாங்கம்மா."

அகரத்தில் என் வீடு

கட்டைப் பிரித்த மறுநாள் நஸ்ரீனும் நானும் தாடிக்கொம்பு வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினோம். பூத்தோட்டத்தை ஒட்டிய வீடு. செல்வி எங்களை நேராகப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

என் அடுக்களை அது. நீலச் சுவர். இடது பக்கம் ஜன்னல். அடுப்புக்கு மேலே என் வீட்டில் எப்படிப் புகை படிந்திருக்கிறதோ அப்படியே கரியைத் தேய்த்திருந்தார்கள். குழாய் சொட்டியது. பச்சை டப்பா இருந்தது, நான் வைத்தது போலவே திருப்பி வைத்தபடி. "போனுக்குள்ள போகணும்னு முட்டி முட்டி நெத்தி வீங்கிருச்சும்மா. அதான் இங்கயே செஞ்சு குடுத்துட்டோம்" என்றாள் செல்வி. பேசிக்கொண்டே அவள் அந்த டப்பாவின் மூடியை இரண்டு தடவை துடைத்து, கவிழ்த்து வைத்தாள். அப்படிக் கவிழ்த்து வைப்பவள் நான்.

அதுகூடப் பரவாயில்லை. வீடியோவைப் பார்த்துச் செய்தது. ஆனால் போனுக்குப் பின்னால் இருக்கும் சுவரை எந்த வீடியோவிலும் நாங்கள் காட்டியதில்லை. என் வீட்டில் அங்கே ஓர் ஆணியில் என் வீட்டுக்காரரின் பழைய தோல் பை தொங்குகிறது. அவர் மௌத்தாகி, அடக்கம் செய்த பிறகும் நான் அதைக் கழற்றவில்லை. திரும்பிப் பார்த்தேன். இங்கேயும் அந்தச் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு தோல் பை. நஸ்ரீன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். செல்வி சாதாரணமாகச் சொன்னாள்: "அத்தைதான் அந்த இடத்துல ஒரு பை வேணும்னாங்க."

சேலைக்கு இந்தப் பக்கம்

கிழவியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, போன் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பின்னால் சாய்ந்து உதட்டை இறுக்கிக்கொண்டார். என் கையைப் பார்க்கவே இல்லை. செல்வி தட்டோடு நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். நஸ்ரீன்தான் சட்டென்று கொடியில் கிடந்த சேலையை உருவி, ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் குறுக்கே கட்டினாள். "உக்காருங்க பெரியம்மா. கையை மட்டும் கீழ விடுங்க."

சேலைக்குப் பின்னால் உட்கார்ந்து நறுக்கினேன். கூச்சத்தை விட்டு வாய்விட்டு எண்ணினேன். கொஞ்ச நேரத்தில் சேலைக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு குரல் எண்ணியது. நான் எண்ணுவதற்கு ஒரு எண் முன்னால் போனது அது. டம்ளரைத் தள்ளி வைத்தேன்; யாரோ எடுத்தார்கள். "தொறந்துட்டாங்க, வாயைத் தொறந்துட்டாங்க" என்று செல்வி கிசுகிசுத்தாள். தட்டு காலியாகும் வரை நான் நிறுத்தவில்லை. பிறகு காய்ந்த விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணிப் பார்த்தன. எண்ணெய் தெறித்த தழும்பின்மேல் மெல்ல ஊதுவது தெரிந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன், பிடி விடவில்லை. "அவங்க போகணும் அத்தை, விடுங்க" என்று செல்வி கெஞ்சினாள். கிழவி கொஞ்சம்கூடக் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அவ போகட்டும்டி. கையை இங்கன வச்சுட்டுப் போகச் சொல்லு."

ஆக, அக்கா தங்கைகளே, இந்தத் தொழிலில் வேண்டப்பட்டது கை மட்டும்தான். வாரா வாரம் அதைத் தூக்கிக்கொண்டு அகரம் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற வேலைதான் எனக்கு.