போர்மேன் வீட்டுக் கோழிகள்

ரத்தினசாமி வீட்டுக் கோழிகளைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் செல்போனைப் படலுக்கு வெளியே உள்ள பலகையில் வைத்துவிட வேண்டும். அடுத்து, படலோரம் கல்தூணில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட வேண்டும். உடம்பில் கொஞ்சநஞ்சம் மின்சாரம் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். கோழி அதற்குப் பிறகுதான். "கோழி என்ன, வெடிச்சிருமா?" என்று கேட்டவர்கள் உண்டு. "வெடிக்காதுன்னு எழுதிக் குடுக்கீகளா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். இதுவரை ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். அதில் பத்தொன்பது வருடம் போர்மேன். வேலையை விட்டு நின்றதும் ஆனைக்குட்டம் போகிற வழியில் உள்ள சொந்த ஊரில், வீட்டுக்குப் பின்னால் கிடந்த இடத்தில் கோழி வளர்க்க ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த நிர்வாகம் பட்டாசுக் கம்பெனி நிர்வாகம் ஒன்றுதான். கோழிகளுக்கும் அதுவே வாய்த்தது. அறைக்கு நாலு ஆள் என்பது போலக் கூண்டுக்கு நாலு கோழி. கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவே பன்னிரண்டு அடி. ஒவ்வொரு கூண்டுக்கும் இரண்டு வாசல், ஆபத்து என்றால் எந்தப் பக்கமும் ஓடலாம். கோழிகள் எப்போதும் ஒரே வாசலில்தான் போய் வந்தன. அது தப்பு என்று அவற்றிடம் அவர் பலமுறை எடுத்துச் சொல்லிவிட்டார்.

பட்டாசு மருந்துக் கலவையை வெயில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அதனால் கம்பும் நொய்யும் கலக்குகிற வேலை காலை ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி வரும் என்பதால் கூண்டுகளில் இரும்பு ஆணியே கிடையாது, எல்லாம் கயிற்றுக் கட்டு.

இந்த இரும்பு விஷயத்தில்தான் மனைவி பேச்சியம்மாளோடு மோதல் வந்தது. அடை வைக்கிற கூடையில் மண் பரப்பி, முட்டைகளோடு ஒரு துண்டு இரும்பும் ரெண்டு வரமிளகாயும் ஒரு கரித்துண்டும் போட்டு வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். போடாவிட்டால் இடி இடிக்கும்போது முட்டை கூமுட்டையாகிவிடும் என்பார்கள். ரத்தினசாமி கூடைக்குள் எட்டிப் பார்த்து அரண்டு போனார்.

"கரியும் இரும்பும் ஒரே கூடைக்குள்ளயா? உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"முட்டைக்குக் காவலுங்க அது. எங்க ஊர்ல அம்புட்டுப் பேரும் போடுதாக."

"உங்க ஊர்ல லைசென்சு கேட்டா குடுக்க மாட்டாக."

மிளகாய்க்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பேச்சியம்மாள் மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் ஒரு ஆணியை மண்ணுக்குள் புதைத்து வைத்தாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்ட நிர்வாகம் அது.

சும்மா சொல்லக் கூடாது, அவருடைய சட்டம் பலித்த காலமும் உண்டு. புரட்டாசியில் ஊரெங்கும் வெள்ளைக்கழிச்சல் வந்து, தெருவில் முக்கால்வாசிக் கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தது. ரத்தினசாமி வீட்டில், சந்தையில் வாங்கி இன்னும் ஊசி போடாமல் ஒதுக்கி வைத்திருந்த நாலு மட்டும்தான் செத்தன. மற்ற மூன்று கூண்டிலும் தவறாமல் தடுப்பூசி போட்டிருந்தார். தண்ணீர்ச் சட்டிகூடக் கூண்டுக்குக் கூண்டு வேறு. செத்ததைத் தூக்கி ஓடையில் எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். அதுவரை கேலி பேசியவர்கள் செல்போனைப் பலகையில் வைத்துவிட்டு வந்து யோசனை கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்றரை மணி நேரம் யோசனை சொன்னார்.

ஐப்பசிக் கடைசியில் செவலைக் கோழி பன்னிரண்டு முட்டையில் பதினொன்றைப் பொரித்தது. ஒன்று கூமுட்டை. அதற்குக் காரணம் ஆணி ஒன்றுதான் இருந்தது, கரி இல்லை என்று பேச்சியம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள். குஞ்சுகளின் தீனிக்காக ரத்தினசாமி சாணியும் ஓலையும் அடைத்த பானையைக் கவிழ்த்து வைத்துக் கரையான் சேர்த்தார். மூன்றாம் நாள் விடிகாலையில் கீரி வந்து தாய்க்கோழியைக் கொண்டுபோய்விட்டது. கீரி இரண்டு வாசலையும் உபயோகித்திருந்தது.

அன்றைக்கென்று அடைமழை. வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த குஞ்சுகள் அட்டைப்பெட்டி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தின. மற்றக் கோழிகளிடம் விட்டுப் பார்த்தால் கொத்தித் துரத்தின. சாயங்காலத்துக்குள் இரண்டு விறைத்துப் போயின.

"ஒரு குண்டு பல்பு மாட்டி விட்டாப் போதுங்க. சூட்டுக்கு அதுபாட்டுக்குப் பொழைச்சுக்கிரும்," என்றாள் பேச்சியம்மாள்.

"பல்பு கூடாது."

"கோழிக் கூண்டுக்குத்தான கூடாது? இது வீட்டுக்குள்ள இருக்க பெட்டி."

"உசுரு உள்ள இருக்க எடத்துல ஒயர் இழுத்துப் பல்பு மாட்டக் கூடாது பேச்சி. கூடாதுன்னா கூடாது."

அவர் எதை நினைத்துச் சொல்கிறார் என்று தெரிந்து அவள் வெந்நீர் போடப் போனாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில், சீசன் ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கம்பெனியில் ஓர் அறை இருட்டாக இருக்கிறதென்று யாரோ ஒயர் இழுத்துப் பல்பு மாட்டினார்கள். மாட்டக் கூடாது என்று சொல்ல வேண்டியவர் ரத்தினசாமி. அவர் அந்த நேரம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். ஒரு மணி நேர பெர்மிஷன்தான். இலையில் உட்கார்ந்திருக்கும்போது சத்தம் கேட்டது. மாடத்தி, அவள் தம்பி வேலுச்சாமி, சேர்ந்து ஒன்பதே நாளான ஒரு பெண். மூன்று பேர் போனார்கள். விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்று முடிவானது. அந்த முடிவை அவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அதன்பிறகு வேலையை விடும்வரை அவர் பெர்மிஷனே எடுத்ததில்லை.

பாட்டிலில் வெந்நீர் ஊற்றிப் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றினார். மழைக்காற்றில் பாட்டில் வைத்த கையோடு ஆறியது. காலையில் இன்னொரு குஞ்சு தலையைத் தொங்கப் போட்டது. அதை எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்தி ஊதி ஊதிப் பார்த்தார். அது அவர் கைக்குள்ளேயே அடங்கியது. பெட்டியில் எட்டு இருந்தன. ரத்தினசாமி சட்டையை மாட்டிக்கொண்டு, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் முனியராஜைத் தானே போய்க் கூட்டி வந்தார்.

"நாப்பது வாட்ஸ் பல்பு மாமா. இதுக்கு ஏன் இம்புட்டுப் பதற்றம்?" என்றான் முனியராஜ்.

"ஒயர் புதுசா இருக்கணும். நடுவுல ஒட்டுப் போட்டது ஆகாது. ரெண்டு கயிறு கட்டு. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கணும். சுத்தி வலை."

பெட்டியிலிருந்த வைக்கோலையும் துணியையும் வெளியே எடுத்துவிட்டு வறுத்த மணலைப் பரப்பினார். முனியராஜையும் பேச்சியம்மாளையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு சுவிட்சைத் தானே போட்டார். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது எட்டும் வெளிச்சத்துக்குக் கீழே வந்து கழுத்தை நீட்டிப் படுத்திருந்தன.

அன்றிலிருந்து அவர் பெட்டிப் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பாடு அங்கே, வெற்றிலை அங்கே, தூக்கம் எங்கேயும் இல்லை. பொரித்த ஏழாம் நாள் குஞ்சுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கண்ணில் சொட்டு மருந்து விட்டு வந்தார். போகும்போது பல்பை அணைத்தார். அணைத்ததைத் தெருமுனை வரை போய்விட்டு மூன்று தரம் திரும்பி வந்து பார்த்தார்.

ஒன்பதாம் நாள் மல்லாங்கிணற்றில் அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம். பெரியப்பா என்று முன்னால் நிற்க வேண்டியவர்.

"நான் வரல பேச்சி. நீ போயிட்டு வா."

"கேட்டா என்ன சொல்லட்டும்?"

"குஞ்சுக்குப் பல்பு எரியுதுன்னு சொல்லு."

அப்படியே சொன்னால் சொந்தபந்தம் காலத்துக்கும் சிரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவரை வற்புறுத்தவில்லை. "சாப்பிட்டுக்கோங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போனாள்.

ரத்தினசாமி நாற்காலியைப் பெட்டிக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மழை விட்டு லேசாக வெயில் அடித்தது. இறக்கை முளைக்க ஆரம்பித்திருந்த குஞ்சு ஒன்று மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திடுக்கிட்டு விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை. பார்த்தது தப்போ என்று மறுபடி பார்த்தார். ஒன்றரைதான். நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறார். பெட்டியைக் குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து மெல்ல எட்டிப் பார்த்தார்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஒயர் அப்படியே இருந்தது, கயிறும் வலையும் அப்படியே இருந்தன. ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணினார். எட்டும் இருந்தன. அவர் காவல் இல்லாத நேரத்தில் விளக்கு அது பாட்டுக்கு எரிந்திருக்கிறது, எட்டும் அவை பாட்டுக்குத் தூங்கியிருக்கின்றன.

தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. அந்த மூன்று பேரும் போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில்கூட வராத அழுகை, வாய்விட்டு வந்தது.

கல்யாணச் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு பேச்சியம்மாள் உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான். அவர் கோலத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, எத்தனைங்க போச்சு?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"சொல்லுங்க, எத்தனை?"

"ஒண்ணும் போகல பேச்சி," என்றார் ரத்தினசாமி. "நான் தூங்கிட்டேன். ஒண்ணும் போகல."