எழுபத்திரண்டு தூண்கள்

ஐம்பத்திரண்டு வயதில் கட்டடக்கலை வரலாறு படிக்க மாலை வகுப்பில் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் நான் கட்டடப் படவரைஞராக வேலை பார்த்தவள். ரொறன்ரோவுக்கு வந்தபின் இருபது வருஷம் பிஸ்கட் தொழிற்சாலையில் ஓடும் பெல்ட்டுக்கு முன்னால் நின்றேன்.

வகுப்பின் முடிவில் ஆளுக்கொரு பழைய கட்டடத்தை மாதிரியாகச் செய்து, அதைப் பற்றிப் பேசவேண்டும். நான் பாரசீக அரசர்களின் பெர்சப்போலிஸ் அரண்மனையில் இருந்த பெரிய சபாமண்டபத்தைத் தெரிந்தெடுத்தேன்.

"உதென்னத்துக்கு உமக்கு? எங்கட ஊர்க் கோயிலைச் செய்யுமன். ஆரும் பிழை பிடிக்கமாட்டினம்" என்றார் கணவர்.

"கோயில் எனக்குத் தெரியும். தெரியாததைப் படிக்கத்தானே போறன்."

டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில், எங்கள் மாடியிலேயே, ஈரானின் ஷிராஸ் நகரத்துப் பெண் ஒருவர் இருந்தார். ஷிராஸிலிருந்து அந்த அரண்மனை கிட்டத்தான். என் வரைபடத்தைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"படிகள் இவ்வளவு உயரமில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது மூன்று நான்காகத் தாவி ஏறினோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

புத்தகத்தில் பார்த்தேன். சரிதான், ஒரு படி நாலு அங்குலம்தான். படிக்கட்டு முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தேன்.

மண்டபத்துக்குள் முப்பத்தாறு தூண்கள், மூன்று முகப்புகளிலும் பன்னிரண்டு பன்னிரண்டு. இன்று அங்கே பதின்மூன்றுதான் நிற்கின்றன. நான் எழுபத்திரண்டையும் மரக்குச்சியில் வெட்டி ஒட்டினேன். வகுப்பு நாளன்று காலையில் எழுந்து பார்த்தால், பசை பிடிக்காமல் பாதிக்குமேல் சரிந்து கிடந்தன.

"ரீச்சரிட்டை ஒரு கிழமை தவணை கேளும்" என்றார் கணவர்.

"கேக்கமாட்டன்."

வேலைக்கு வரவில்லை என்று தொழிற்சாலைக்குப் போன் பண்ணினேன். பலகையில் தூணுக்கொரு துளை போட்டு, ஒவ்வொன்றாக நட்டேன். கணவர் பக்கத்தில் இருந்து குச்சிகளின் அடியைத் தேய்த்துத் தந்தார். மூன்று மணிக்கு எல்லாம் நின்றன.

வகுப்பில் ஒருவர் கேட்டார், "இதை அடிமைகளா கட்டினார்கள்?"

அந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் பல நாட்டு ஆண், பெண் வேலையாட்களுக்கு அளந்த தானியக் கணக்கு இருக்கிறது, பிள்ளை பெற்ற பெண்களுக்கு மேலதிகமாக அளந்ததும் இருக்கிறது என்றேன். அதற்கு மேல் பேச நினைத்திருக்கவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. என் மூத்த மகள் பிறந்து ஏழாம் கிழமை நான் பெல்ட்டுக்குத் திரும்பிப் போனதைச் சொன்னேன். முழுவதையும் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மாதிரியின் படங்களைக் கொண்டுபோய் வரைபட அலுவலகங்களில் வேலை கேட்டேன். இரண்டு இடத்தில் வயதைப் பார்த்தே வேண்டாமென்றார்கள். மூன்றாவது இடத்தில், வோபர்ன் பகுதியில், இப்போது ஒன்பது மாதமாக இருக்கிறேன். வரைவது பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே வாடகைக்கு விடும் பேஸ்மென்ட் வீடுகள்தான். ஜன்னல் எவ்வளவு பெரிதாக வைக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் வீட்டுச் சொந்தக்காரரோடு சண்டை பிடிக்கிறேன்.