வீட்டில் சிரிக்காதவர்

எங்கள் மகள் ஏழு வயதில், நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே பிள்ளை. என் கணவர் அப்போது கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஓடும் பஸ்ஸில் டிரைவர். நான் அங்கன்வாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்த மறுவாரமே அவர் வண்டி எடுக்கப் போனார். எனக்கு அதுவே பொறுக்கவில்லை.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய கண்டக்டர் எங்களைப் பார்க்க வந்தார். துக்க வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல் பஸ்ஸில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ ஏற்றிவந்த ஆடு, அவர் அக்குளில் இடுக்கியிருந்த டிக்கெட் கட்டில் பாதியைத் தின்றுவிட்டதாம்.

"ஆட்டுக்கு டிக்கெட் வாங்குய்யான்னு கத்திக்கினு இருக்கேன். அது பாட்டுக்கு அதுவே வாங்கிக்கிச்சி" என்றார்.

என் கணவர் சிரித்துவிட்டார். பழையபடி, தோள் குலுங்க.

அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். "புள்ளையப் பொதைச்ச மண்ணு இன்னும் காயல. உங்களுக்கு எப்படிங்க சிரிப்பு வருது?" என்று கேட்டேன்.

கண்டக்டர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து வீட்டில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

அதை நான் மகளுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். அவளுடைய சட்டைகளை யாருக்கோ கொடுத்தேன். போட்டோவைப் பெட்டிக்குள் வைத்தேன். சாப்பிடும்போது அவர் எப்போதாவது "பாப்பா இருந்தப்ப..." என்று தொடங்குவார். நான் எழுந்து போய்விடுவேன். பிறகு அவர் தொடங்குவதையும் நிறுத்திவிட்டார்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. அங்கன்வாடியில் நான் சிரித்திருக்கிறேன். ஒருநாள் ஒரு குழந்தை, அவித்த முட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, குஞ்சு எப்போது வரும் என்று கேட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை. உடனே பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அன்று சாயங்காலம் வழக்கமான முகத்தோடுதான் அவருக்குச் சோறு போட்டேன்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. போலியோ சொட்டு மருந்து போடும் நாளில் மலையில் ஆள் போதாதென்று என்னை வெள்ளிமலைக்கு அனுப்பினார்கள். விடியற்காலையில் ஜீப்பில் ஏறிப் போனேன். மதியத்துக்கு மேல் வேலை முடிந்தது. அவர் பஸ் நிற்கும் நேரம்தான், அதிலேயே மலை இறங்கிவிடலாம் என்று பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். டீக்கடையின் பின்பக்கமாக வந்தபோது அவருடைய அந்தப் பழைய சிரிப்பு கேட்டது. நின்று, தட்டி இடுக்கு வழியே பார்த்தேன்.

"அப்புறம் பாப்பா இன்னா சொல்லிச்சி? அதச் சொல்லுங்க டிரைவரே" என்றாள் கடைக்கார அம்மா. ஏற்கெனவே கேட்ட கதையை மறுபடி கேட்கும் குரல்.

"கொண்டை ஊசி வளைவுல வண்டி திரும்புது, இது வாந்தி எடுக்குது. பக்கத்துல ஒரு பெரியவரு, மடியில புதுத் துண்டு. நான் வண்டிய ஓரங்கட்டி ஓடிப்போய்ப் பாக்கறேன். இது வாயத் தொடச்சிக்கினு சொல்லுது, 'அப்பா, கவலப்படாத. உன் பஸ்ல ஒரு சொட்டு கூடப் படல. எல்லாத்தையும் தாத்தா துண்டுல புடிச்சிட்டேன்.'"

மகளின் குரலிலேயே சொன்னார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். அந்த அம்மாவும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். என் மகளை ஒருநாளும் பார்த்திராத பெண் அவள். இந்தக் கதை எனக்குத் தெரியாது. பெற்றவளுக்குத் தெரியாத ஒன்று அந்த டீக்கடை முழுக்கத் தெரிந்திருந்தது.

முன்பக்கம் வந்தேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்துவிட்டார். முகம் மாறிவிட்டது.

"எப்ப வந்த?"

"இப்பதான்."

உட்காருங்கள், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, மலை இறங்கும்வரை அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கேட்டேன். "பாப்பாவ எப்பங்க மலைக்குக் கூட்டிக்கினு போனீங்க?"

நெடுநேரம் சோற்றைப் பிசைந்தார். "ஒண்ணாங்கிளாஸ் லீவுல. நீ திட்டுவேன்னு சொல்லல. அப்புறம்... சொல்ற மாதிரி இல்ல."

"அந்தத் தாத்தா இன்னா சொன்னாரு?"

"அவரு ஒண்ணும் சொல்லல. துண்ட ஓடையில அலசிக்கினு வந்து, இவளுக்கு ஒரு கொய்யாப்பழம் குடுத்துட்டுப் போனாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. எது எதை அடக்கியது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. எனக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்.

மறுநாள் போட்டோவை எடுத்துச் சுவரில் மாட்டினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன், அவரும் சொன்னார். ஆனால் பல கதைகள் பாதியில் நின்றன. "அப்புறம் இன்னா சொன்னா?" என்றால், "மறந்துட்டேம்மா" என்பார். அந்த மூன்று வருஷத்தில் எத்தனை அவர் வாய்வரை வந்து திரும்பிப் போயினவோ. அவற்றை இனி யாரிடம் கேட்பது?

இப்போது அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். பகலெல்லாம் டி.வி. முன்னால்தான். ஏதாவது வேடிக்கையாக வந்தால், சிரிப்பதற்கு முன் ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பார். பார்ப்பது அவருக்கே தெரியாது. சிரிப்பு வந்தாலும் வராவிட்டாலும், நான் முந்திக்கொண்டு சிரித்துவிடுகிறேன்.