தினமும் சிரித்தவள் எழுதும் புகார்

மலேசியாவில், ஈஜோக் பக்கம் ஒரு செம்பனை ஆலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன்.

லோரிகளை எடை போடும் மலரிடம் எங்கள் சூப்பர்வைசர் தினமும் இதைச் சொல்வார்: "பழத்த இறக்கியாச்சு. இப்ப நீ தராசுல ஏறுலா மலரு, எத்தன டன்னுன்னு பாப்போம்."

இன்று காலை மலர் தன் ராஜினாமாக் கடிதத்தை என் மேசையில் வைத்தாள்.

எனக்குப் பொங்கிவிட்டது. நான் பட்டம் வாங்கியவள் அல்லவா! நேராக அவரிடம் போய், "மலர்கிட்ட இனிமே இப்படிப் பேசாதீங்க" என்றேன். குரல் என்னவோ கடன் கேட்பதுபோல்தான் வந்தது.

அவர் உண்மையாகவே திகைத்தார். "என்னக்கா, நீங்களுந்தானே தினம் சிரிச்சீங்க?"

என் பின்னாலேயே வந்திருந்த மலரைப் பார்த்தேன்.

"ஆமாக்கா. நீங்களே சிரிக்கிறீங்க, அப்புறம் நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அது வெறும் மரியாதைச் சிரிப்பு என்று விளக்க ஆரம்பித்தேன். இருவரும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள். நிறுத்திக்கொண்டேன்.

கடிதத்தைத் திங்கட்கிழமை வரை மேலே அனுப்பாமல் வைத்திருக்க மலர் சம்மதித்திருக்கிறாள். அதற்குள் மானேஜருக்குப் புகார் போக வேண்டும். புகார்ப் பாரத்தில் சாட்சி என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். உடந்தைக்குத் தனிக் கட்டம் இல்லை.

உங்கள் அலுவலகப் பாரத்தில் இருக்கிறதா?